லில்லி சிஸ்டர் பென்சிலில் எழுதிய வயது

செய்தி இங்கிலீஷில் வந்தது. எனக்கு அது வாசிக்கத் தெரியாது. காலையில் ஸ்கேன் ரூமைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் இந்தியா நம்பர், நாலு வரி. மருந்துக் கவுண்டரில் இருக்கும் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு முறை வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு, “நீங்க கொஞ்சம் உக்காருங்கக்கா” என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. நான் உட்காரவில்லை. “லில்லி சிஸ்டரா?” என்றேன். “நேத்து சாயங்காலமாம். அவங்க அக்கா அனுப்பியிருக்காங்க” என்றார்.

அன்றைக்கு டூட்டியை முடித்துவிட்டுத்தான் ரூமுக்குப் போனேன். பாதி துடைத்த தரையை அப்படியே விட்டுப் போனால் சிஸ்டருக்குப் பிடிக்காது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்று எழுதுங்கள் என்று சிஸ்டரின் அக்கா போனில் கேட்டார். டாக்டர்மார் எழுதுவார்கள், நர்சுமார் எழுதுவார்கள். நான் அந்த கிளினிக்கில் தரை துடைப்பவள், ஏழாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றேன். “அவ உன்னப் பத்தித்தான் அதிகம் பேசுவா, நீ எழுதாம பின்ன ஆரு எழுதுவா?” என்றார். என் பெயரையும் கிளினிக்கின் பெயரையும் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏன் என்பது வாசித்தால் விளங்கும்.

உங்கள் கடற்கரையில் பிறந்த சகாய லில்லியை உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த லில்லி சிஸ்டர் அபுதாபியில், முசஃபாவில் இருந்தவர். முசஃபா என்றால் முழுக்க ஒர்க்‌ஷாப். வண்டி பழுதுபார்க்கிறவர்கள், வெல்டிங் அடிக்கிறவர்கள், டிரைவர்கள். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விரலை நசுக்கிக்கொண்டோ, கண்ணில் இரும்புத்தூள் விழுந்தோ வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கை கிழிந்த ஒரு ஆள் தையல் போடும்போது ஊரைக் கூட்டிக் கத்தினார். சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கத்துகது தொண்டைக்கு நல்லதுதான், கைக்கு ஒண்ணும் செய்யாது. கையைக் காட்டும்” என்றார். அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அவர். தடவிக் கொடுத்துப் பேச மாட்டார். ஆனால் எல்லாரும் அவர் டூட்டி எப்போது என்று கேட்டுத்தான் வருவார்கள்.

பிறகு அந்தப் பக்கம் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. பெண்களுக்கென்று ஒரு பகுதி திறந்தார்கள். ஒரு வடநாட்டு லேடி டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க சிஸ்டரை அங்கே மாற்றினார்கள். கருவுற்ற மூன்று மாதத்துக்குள் செய்கிற ஒரு புது டெஸ்டும் அப்போதுதான் வந்தது. தாயின் ரத்தம் எடுப்பார்கள். ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தோல் எவ்வளவு தடிப்பு என்று அளப்பார்கள். அதையெல்லாம் மெஷினில் போட்டால், குழந்தை மூளை வளர்ச்சி குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகமா குறைவா என்று சொல்லும். இத்தனையும் சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் அரியலூர்ப் பக்கம். இருபத்தொரு வயதில் ஒரு அரபி வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்று நம் அரசாங்கத்தில் சட்டம். ஏஜெண்ட் ஒரு பள்ளிக்கூடச் சர்டிபிகேட் செய்துகொண்டு வந்தான். அதில் எனக்கு முப்பது. “யார் கேட்டாலும் இதான் ஒன் வயசு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதான். மாத்திச் சொன்ன, ஏர்போர்ட்லேர்ந்து ஜெயிலு” என்றான். என்னோடு விமானம் ஏறிய மூன்று பெண்களுக்கும் அன்றைக்கு முப்பது வயதுதான்.

எட்டு வருடம் அந்த வயதையே சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. அரபி வீட்டை விட்டு கிளினிக்குக்கு வந்தபோதும் அதே பாஸ்போர்ட், அதே வயது. லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் இங்கேயே கேரேஜில் மெக்கானிக். ஜாதகம் பார்த்ததால் அவருக்கு என் நிஜ வயது தெரியும். பேப்பரில் நான் அவரைவிட நாலு வயது மூத்தவள். கேரேஜில் எப்படியோ தெரிந்து, “என்னப்பா, அக்காவக் கட்டிக்கிட்டியாமே?” என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “பெரியவங்க பேச்சக் கேட்டு நடக்கணும்ல” என்பார்.

எனக்கு நாள் தள்ளியபோது முதலில் கண்டுபிடித்தது சிஸ்டர்தான். வாளியைத் தூக்கப் போனேன், பிடுங்கி வைத்துவிட்டார். “ஏட்டி, எத்தனை நாளாச்சு?” என்றார். பன்னிரண்டாவது வாரத்தில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டுபோய், “நம்ம ஸ்டாபுக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்ய” என்று அந்த டெஸ்டுக்குப் படுக்க வைத்தார். லேபர் கார்டைப் பார்த்து ஃபாரம் எழுதினார். வயது என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்தார். “முப்பத்தெட்டா? பாத்தா தெரியலியே மக்கா. நல்ல உடம்பு ஒனக்கு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் மேனேஜர் மேசையில் பூட்டியிருந்தது. மேனேஜர் ரூம் நாலு எட்டுத் தூரம். ஃபாரத்தில் வேறு வயது எழுதினால் அங்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். இவரும் கேரேஜிலிருந்து கிரீஸ் கையோடு வந்திருந்தார். டாக்டர் இந்தியில் சொல்ல, சிஸ்டர் தமிழில் சொன்னார். வாய்ப்பு அதிகம் என்று வந்திருக்கிறது. வயது கூடியதும் ஒரு காரணம். இது வாய்ப்புத்தான், முடிவு இல்லை. பதினாறாவது வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வயது என்ற சொல் வந்தபோது இவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவர் ரிசல்ட் பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ரூமுக்கு வந்து நான்தான் கேட்டேன், “வயசச் சொல்லிரலாமா?” என்று. பலகை அடித்துத் தடுத்த ரூம். அந்தப் பக்கம் ஆள் இருந்ததால் இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கூறு கெட்டவளே, பேப்பர்தான் பொய். ரத்தம் பொய் சொல்லுமா? ஒன் ரத்தத்துக்குப் பாஸ்போர்ட்டு தெரியுமா?” என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ரத்தத்தைச் சோதித்துச் சொன்னதில் வயதை மாற்றினால் என்ன மாறப்போகிறது? மெஷின் என்றால் உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல்லும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நாம் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

ஊரில் மாமியாரிடம் போனில் சொன்னோம். “சீக்கிரம் வந்து முடிச்சுட்டுப் போங்க. நாள் ஆக ஆக ஒடம்புக்குத்தான் கேடு” என்றார். இந்த நாட்டில் கருவைக் கலைக்க வழியில்லை. ஊசி போடுகிற ஆஸ்பத்திரியில் எல்லாப் பேப்பரும் கேட்பார்கள் என்ற பயம் வேறு. இவருக்கு லீவு பாக்கி இருந்தது. டிக்கெட் எடுத்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் டூட்டி முடிந்து சிஸ்டர் எங்கள் ரூமுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “வச்சுக்கோன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். அது ஒங்க ரெண்டு பேரு காரியம். நாலு வாரம் பொறுத்து ஊசி போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்கன்னு மட்டும் சொல்லுகேன்” என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “டிக்கெட் எடுத்தாச்சு சிஸ்டர்” என்றார்.

ஊரில் டவுன் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா பேப்பரைப் புரட்டிவிட்டு என் வயதைக் கேட்டார். சுற்றிலும் எங்கள் ஊர் ஜனங்கள். போலீஸ் இல்லை, மேனேஜர் இல்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. நான் முப்பத்தெட்டு என்றேன். மாமியார் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் என் வயது தெரியும். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பேப்பரில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் பழகியிருந்தது. பதினாலாவது வாரத்தில் முடிந்துவிட்டது. பதினைந்தாம் நாள் திரும்பி வந்து டூட்டியில் ஏறினேன்.

அடுத்த ஐந்து மாதம் சிஸ்டர் என்னைக் கனமான எதையும் தூக்க விடவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவும் இல்லை.

அப்போது துபாயில் வேலை கிடைத்து என் அண்ணன் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க கிளினிக்குக்கே வந்துவிட்டார். அன்று கூட்டமில்லை. சிஸ்டர் டீ போட்டுக் கொடுத்தார். “நீங்க இவளுக்குத் தம்பியா?” என்று கேட்டார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. “தம்பியா? நல்லா கேட்டீங்க சிஸ்டர். எனக்கு முப்பத்தி ரெண்டு. இவ என்னவிட மூணு வயசு எளயவ. ஏஜெண்டு ஒரே நாள்ல இவளக் கெழவி ஆக்கிப் பிளைட்டு ஏத்திட்டான்!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த கை கிளாஸை விட்டு வரவில்லை. என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவர் முகம் அது.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டுபோய் லேபில் இருந்தார், டாக்டர் ரூமில் இருந்தார். நாலாம் நாள் டீ போடுகிற பேன்ட்ரிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். “உக்காரு. ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்கலாம்னு நம்ம டாக்டரம்மா சொன்னா. என்னால முடியல” என்றார். பிறகு சொன்னார். அதே ரத்தம், அதே ஸ்கேன். வயதை மட்டும் இருபத்தொன்பது என்று மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வாய்ப்புக் குறைவு என்று வந்தது. சாதாரணமாக எல்லாப் பெண்களுக்கும் வருவது போலத்தான். அன்றைக்கே இந்த வயதைப் போட்டிருந்தால் ஊசியைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. “நான் ஒன் மூஞ்சியப் பாத்தேன். சந்தேகம் வந்துச்சு. சிரிச்சிட்டு எழுதிட்டேன். கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு” என்றார்.

நான் அழவில்லை. “ஏன் சிஸ்டர் சொன்னீங்க?” என்றுதான் கேட்டேன். “தெரியாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்ல?” நான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஏழு மாதம் அவரோடு பேசவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்ததை எழுதுகிறேன். அவர் ரூமைத் துடைக்க வேறு ஆளை மாற்றிக்கொண்டேன். எதிரே வந்தால் சுவரைப் பார்த்து நடந்தேன். பொய் சொன்னது நான், பயந்தது நான், டிக்கெட் எடுத்தது நாங்கள். எல்லாம் தெரிந்தும் கோபம் அவர் மேல்தான் போயிற்று. இவரிடம் கோபப்பட்டால் ஒரே ரூமில் எப்படிக் குடும்பம் நடத்துவது? ஏஜெண்டிடம் கோபப்பட அவன் எங்கே இருக்கிறான்? அந்த ஏழு மாதமும் சிஸ்டர் காலையில் என்னைப் பார்த்ததும் “வந்தியா மக்கா” என்பதை நிறுத்தவில்லை. நான் பதில் சொல்லாததைக் கவனித்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் வேலை செய்கிற விதம் மாறியது. டெஸ்டுக்கு வருகிற பெண்ணின் கணவரை ஏதாவது சொல்லி வெளியே அனுப்புவார். கதவைச் சாத்துவார். பாஸ்போர்ட் வயதைப் பேனாவில் எழுதிவிட்டு, “இது கவர்மென்டு வயசு. இப்பம் ஒங்க அம்மைக்குத் தெரிஞ்ச வயசச் சொல்லு” என்பார். சிலருக்குத் தாங்கள் பிறந்த வருடமே தெரியாது. “பெரிய மனுசி ஆனப்பம் எத்தனாவது படிச்ச? அதுக்குப் பொறவு எத்தன பொங்கல் ஊர்ல கொண்டாடின, எத்தன பொங்கல் இங்க?” என்று விரல் மடக்கி எண்ண வைப்பார். வந்த வயதைப் பக்கத்தில் பென்சிலில் எழுதுவார். மெஷினுக்குப் போவது பென்சில் வயது.

இது மேனேஜர் காதுக்குப் போயிற்று. அவர் மலையாளி. எல்லார் முன்னாலும் ஃபைலைத் தூக்கிக் காட்டி, “சிஸ்டரே, ஒரு ஃபைலில் ரெண்டு வயசு எந்தா? இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நான் என்ன பறையும்?” என்றார். சிஸ்டர் பாக்கெட்டிலிருந்து ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். “பேனாவுல இருக்கது கவர்மென்டுக்கு. பென்சில்ல இருக்கது வயித்துல இருக்க பிள்ளைக்கு. ஒங்களுக்கு எது வேண்டாமோ அத நீங்களே அழிச்சிருங்க. நான் அழிக்க மாட்டேன்” என்றார். மேனேஜர் ரப்பரைத் தொடவில்லை. அந்த மாதம் சிஸ்டருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அந்த வருடம் சம்பள உயர்வும் அவருக்கு இல்லை.

ஒரு நாள் அவர் ரூம் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பாஸ்போர்ட்டில் முப்பத்தி நாலு. பார்த்தால் சின்னப் பெண். சிஸ்டர் எப்படிக் கேட்டாலும், “முப்பத்தி நாலுதாங்க, சத்தியமா முப்பத்தி நாலுதாங்க” என்று ஒரே பிடியாக நின்றாள். எத்தனாவது படிக்கும்போது என்று கேட்டால், “நான் படிக்கவே இல்லீங்க” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அது என் குரல்தான். மாப்பை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். “இந்தா பாரு, நானும் இப்படித்தான் சொன்னேன். முப்பத்தெட்டுன்னு சொன்னேன். எனக்கு அப்ப இருவத்தொம்போது. எம்புள்ள போச்சு” என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும், “இருவத்தஞ்சுக்கா” என்றாள்.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பென்சிலில் எழுதினார். எழுதிக்கொண்டே, “அந்தக் கதவச் சரியா சாத்திட்டு நில்லுட்டி. காத்து வருது” என்றார். அந்த ரூமில் காத்து எங்கிருந்து வரும்? ஏசியைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். எங்களுக்குள் மன்னிப்புக் கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், வாய் திறக்காத பெண் வந்தால் சிஸ்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவார். நான் போய் என் கதையைச் சொல்வேன். சொல்லிவிட்டு வந்து மாப்பை எடுத்துத் தரையைத் துடைப்பேன். மறுபடி கூப்பிட்டாலும் போவேன். வயதைச் சரியாகச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக வரும் என்று நான் நினைத்ததும் பொய்யாயிற்று. ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட்டில் வயது குறைவு, நிஜ வயது நாற்பத்தொன்று. அழுதுகொண்டே சொன்னாள். வாய்ப்பு அதிகம் என்று வந்தது. ஊசி போட்டுப் பார்த்தார்கள், உறுதி என்றார்கள். அவள் என்னிடம் வந்து, “நீ பேசாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே” என்றாள். நான் சிஸ்டரிடம் கேட்ட அதே கேள்வி. அன்று பேன்ட்ரியில் இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம். “நல்லது செய்யுகோம்னு நெனச்சு இந்த வேலைக்கு வராத மக்கா. உள்ளதச் சொல்ல வந்திருக்கோம். அவ்வளவுதான்” என்றார் சிஸ்டர்.

ஊர்ப் பெண்களையெல்லாம் ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்தவர் தன் மார்பில் இருந்த கட்டியைச் சொல்லாமல் வைத்திருந்தார். எத்தனை மாதம் என்று தெரியாது. கை தூக்கி மேல் தட்டிலிருந்த ஃபைலை எடுக்க முடியாமல் என்னை எடுக்கச் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். “பழைய சுளுக்கு” என்றார். அந்த ஒரு பொய் மட்டும் அவர் என்னிடம் சொன்னார். விசா கேன்சல் ஆகி அவர் கிளம்பிய அன்று பெட்டி கட்டிக் கொடுத்தேன். இருபது வருடம் இருந்தவருக்கு ஒரே பெட்டிதான்.

ஊருக்குப் போனபின் வெள்ளிக்கிழமைகளில் போன் கார்டு வாங்கிப் போட்டுப் பேசுவேன். கடைசியாகப் பேசியது அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்னால். குரல் நூல் மாதிரி இருந்தது. பின்னால் யாரோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன். “என் தம்பி” என்றார். தம்பி இருப்பதே எனக்குத் தெரியாது. “அவன் அந்த மாதிரிப் பிள்ளைதான் மக்கா. முப்பத்தஞ்சு வயசாகுது. வலையில சிக்குன குப்பையெல்லாம் பொறுக்கி எடுப்பான். கட்டுமரம் வரும்போது கரையில நின்னு கூப்பாடு போடுவான்” என்றார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “நீ ஊருக்குப் போறதுக்கு முன்ன இதச் சொல்லியிருக்கணுமோ என்னமோ. சொன்னா ஒன் கையப் பிடிச்சு இழுத்த மாதிரி ஆயிரும்னு சொல்லல. அது சரியா தப்பான்னு இன்னும் எனக்குப் பிடிபடல” என்றார்.

அப்போதுதான் நான் இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். “சிஸ்டர், எம்புள்ள நல்லா இருந்திருக்குமா?”

“தெரியாதுட்டி” என்றார். “கணக்கு நல்லாத்தான் வந்துச்சு. கணக்கு பிள்ளை இல்லல்லா. எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது.” சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. கார்டில் காசு தீரும் வரை அவர் மூச்சையும், பின்னால் அந்தத் தம்பியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மாமியார் எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார். இவர் விதி என்றார். டவுன் டாக்டரம்மா அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார், அதன் பிறகு எனக்கு எதுவும் தங்கவில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. சிஸ்டர் ஒருவர்தான் தெரியாது என்றார். சொல்லிவிட்டு என்னை விட்டுப் போகாமலும் இருந்தார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். வேறு பொருள் எதுவும் நான் கேட்டு வாங்கவில்லை.

என் பிள்ளை இருந்திருந்தால் இப்போது மூன்றரை வயது நடக்கும். முன்பெல்லாம் நல்ல பிள்ளையைத்தான் கொன்றுவிட்டேன் என்று ஒரு நாளும், இல்லை, குறையுள்ள பிள்ளைதான் என்று மறுநாளும் என்னோடு நானே சண்டை போடுவேன். இப்போது போடுவதில்லை. டூட்டி முடிந்து வரும்போது ஒரு நாள் அது எனக்கு முன்னால் ஓடுகிறது. ஒரு நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, நின்று நின்று வருகிறது. எது வந்தாலும் கூட்டிக்கொண்டு நடக்கிறேன்.